பொருள் சொன்னால்தான் சொல்

பலகையின் ஓரமாக ஐந்து எழுத்துக் கட்டைகளை வரிசையாக வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். க்யூ, யூ, இ, ஆர், என். குவெர்ன். கடைசிக் கட்டை சிவப்புக் கட்டத்தில் அமர்ந்தது, மும்மடங்கு மதிப்பெண். என் ஜோடியாக ஆடிய ஜவுளிக்கடை ஆசீர்வாதம் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுதக் குனிந்தார்.

எதிரே இருந்த சீனிச்சாமி எழுத விடவில்லை. தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"அர்த்தம் சொல்லுங்க, மாப்ள."

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். மின்விசிறி சுற்றுக்கு ஒரு முறை முனகியது. கீழேயிருந்த உரக்கடையின் யூரியா நெடி மரப்படி வழியே ஏறி வந்துகொண்டிருந்தது. ஆட்டத்தைச் சுற்றி நின்ற பதினைந்து இருபது பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

எனக்குப் பொருள் தெரியவில்லை.

இந்த மூன்று சொற்களை எழுத எனக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

பேரனுக்குப் பட்டியல் கேட்பவர்கள்

இந்தத் தொடரில் என் கல்லூரி நாட்களைப் பற்றி எழுதிய வாரம் முதல் வாசகர் கடிதங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. பெரும்பாலானவை பதிலுக்குத் தகுதியற்றவை. அவற்றுள் ஒரு வகையை மட்டும் குறிப்பிடுகிறேன். 'ஐயா, தாங்கள் ஆங்கிலச் சொற்களில் வல்லவர் என்று கேள்விப்பட்டோம். எங்கள் பேரன் சொல் விளையாட்டு ஆடுகிறான். இஸட் வரும் சொற்கள், க்யூ வரும் சொற்கள் ஆகியவற்றைப் பொருளோடு பட்டியலிட்டு அனுப்பினால் உதவியாக இருக்கும்.'

பேரன் ஆடுகிறானாம், தாத்தா பட்டியல் கேட்கிறாராம். அகராதி என்று ஒரு நூல் உண்டு. அதைப் புரட்ட இரண்டு விரல்கள் போதும். அந்த விரல்கள் இப்போது எதைத் தடவிக்கொண்டிருக்கின்றன என்பது எல்லாரும் அறிந்ததே.

ஆனால் அத்தகைய பட்டியல் ஒன்று உண்மையிலேயே இருந்தது. கெட்டி அட்டை போட்ட இரண்டு குயர் நோட்டு. க்யூ வரும் சொற்கள் தனியே, இஸட் வரும் சொற்கள் தனியே, உயிரெழுத்தே இல்லாத சொற்கள் தனியே, இரண்டெழுத்துச் சொற்கள் தனியே. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் தமிழில் பொருள். 'நம்ம ஊர் அகராதி' என்று அதற்கு எங்கள் ஊரான கம்பத்தில் பெயர். அதைத் தயாரித்தவன் என்று எனக்கும் ஒரு பெயர் இருந்தது. தாசில்தாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமா, எஸ்டேட் கம்பெனிக்குக் கடிதம் எழுத வேண்டுமா, சுருளிப்பட்டியிலிருந்தும் பண்ணைப்புரத்திலிருந்தும் என்னைத் தேடி வந்தார்கள். கூலி வாங்கியதில்லை. பெயர் ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது.

உரக்கடை மாடி

எங்கள் மனமகிழ் மன்றம் கடைத்தெருவில் உரக்கடையின் மாடியில் இருந்தது. மனமகிழ்வது என்றால் அங்கே சீட்டாட்டம் என்று பொருள். செயலாளர் பதவி ஏற்றவுடன் நான் செய்த முதல் காரியம், சீட்டுக்கட்டுகளைப் பூட்டி வைத்தது. அதற்காக என்னை வைதவர்கள் இருந்தார்கள். வைதவர்கள் யாரும் ஒரு செய்தித்தாளை முழுதாகப் படித்தவர்கள் அல்லர்.

சீட்டுக்குப் பதிலாக வந்ததுதான் அந்தப் பலகை. மலை மேலே ஓர் எஸ்டேட்டை விட்டுத் தாய்நாடு திரும்பிய வெள்ளைக்கார மேலாளர் மன்றத்துக்கு விட்டுச் சென்றது. எழுத்துக் கட்டைகளைச் சேர்த்துச் சொல் கட்டும் விளையாட்டு. தொலைந்துபோன சில கட்டைகளைத் திராட்சைப் பெட்டிப் பலகையில் செதுக்கிச் சேர்த்திருந்தோம். அவை மற்றவற்றைவிட ஒரு நூல் தடிப்பாக இருக்கும். வெயில் காலத்தில் அழுகிய திராட்சையின் மணம் வீசும்.

கற்றவர்களுக்கான விளையாட்டு இது என்றுதான் நான் எண்ணினேன். முதல் ஆறு மாதம் அப்படித்தான் நடந்தது. நானும் ஆசீர்வாதமும் ஒரு ஜோடி. பின்னர் சீனிச்சாமி வந்தார்.

கைபட்ட சொற்கள்

சீனிச்சாமி வாழைக்காய் மண்டித் தரகர். ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். என் மனைவி விசாலாட்சியின் உடன்பிறந்த அண்ணன். ஆகவே எனக்கு மச்சான். அவர் தமக்கு ஜோடியாகச் சேர்த்துக்கொண்டது மொக்கைச்சாமியை. எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் இரண்டு வைத்திருந்தவர். பாதி நாள் ஜீப்பின் அடியிலும் மீதி நாள் மலையாளம் பேசிக்கொண்டு மலைப்பாதையிலும் கழித்தவர்.

இந்த இருவரும் எங்களைத் தோற்கடித்தார்கள்.

ஒரு முறை அல்ல. நான்கு ஞாயிறு தொடர்ந்து. ஆக்ஸில், கேம், வால்வ், ஜாக், ஷிம், ஜூட். இதுவா ஆங்கிலம்? ஜீப்பின் அடியில் படுத்துக் கற்ற ஆங்கிலம். சாக்கின் மேல் அச்சடித்ததைப் பார்த்துக் கற்ற ஆங்கிலம். இலக்கியம் பயின்ற ஒருவன் கிரீஸ் படிந்த கைகளிடம் தோற்பதை நான் ஏற்பதாக இல்லை.

எனவே செயலாளர் என்ற முறையில் ஒரு விதி கொண்டுவந்தேன். எதிரணியினர் கேட்டால், வைத்த சொல்லுக்கு அந்த இடத்திலேயே பொருள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு நிற்கவில்லை. மாடிப்படியின் அடியில், ஜீப்புக்குக் காத்திருக்கும் கூட்டம் முழுவதும் பார்க்கும்படி ஒரு கரும்பலகை மாட்டினேன். அதன் தலைப்பில் வெள்ளை வண்ணத்தில் 'பொருள் அறியாது சொல் வைத்தவர்' என்று எழுதச் செய்தேன். பிடிபட்டவர் பெயர் ஒரு வாரம் அங்கே இருக்கும்.

மொக்கைச்சாமியின் பெயரை எழுதத்தான் சுண்ணக்கட்டி வாங்கினேன். அதை மறைப்பதில் இப்போது பயனில்லை.

அடுத்த ஞாயிறே அவரைப் பிடித்தேன். "ஷிம் என்றால் என்ன?"

"ஷிம்மா? இங்கன பாருங்க சார்." சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு மெல்லிய தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "ரெண்டு இரும்புக்கு நடுவுல இடைவெளி விழுந்தா இதைத்தான் சொருகணும். மதியோ, போதுமா, இன்னும் வேணுமோ?"

கூட்டம் சிரித்தது. சீனிச்சாமி வைத்த குயர் என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டேன். க்யூவில் தொடங்கும் சொல். அவர் எங்கே கற்றிருக்க முடியும்?

"என்ன மாப்ள, நீங்களே கேக்கலாமா?" என்றார். "இருபத்துநாலு தாளு ஒரு குயரு. நீங்க சொல்லு எழுதி வச்சிருக்கீகளே, அது ரெண்டு குயர் நோட்டு. நான்தானே வாங்கியாந்து குடுத்தேன்."

இப்படியே வாரங்கள் கழிந்தன. அவர்கள் தங்கள் கைபடாத ஒரு சொல்லையும் பலகையில் வைக்கவில்லை. கரும்பலகை வெறுமையாகவே தொங்கியது. ஜீப்புக்கு நின்ற பெண்கள் அதன் ஆணியில் பைகளை மாட்டத் தொடங்கினார்கள்.

என்னிடம் யாரும் பொருள் கேட்கவில்லை. கேட்கும் துணிவு ஊரில் எவருக்கும் இல்லை என்று நான் நினைத்திருந்தேன்.

வலப்பக்கம்

இப்போது அந்த நோட்டைப் பற்றிய உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

அகராதியில் எழுத்துகளைத் தேடிச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டவன் நான். இடப்பக்கத்தை எழுதியவனும் நான். வலப்பக்கம் என் மனைவியினுடையது. சமையல் முடிந்த மதிய வேளைகளில், நான் கோடிட்ட சொற்களுக்கு ஒவ்வொன்றாகப் பொருள் படித்துத் தமிழில் எழுதியவள் விசாலாட்சி. நான் எழுத்துகளை மனப்பாடம் செய்தேன். ஆட்டத்துக்கு எழுத்துகள் போதும். வலப்பக்கத்தைப் படிக்க எனக்கு அவசியம் ஏற்படவில்லை.

அவள் மதுரையில் பி.ஏ. முடித்து ஆசிரியப் பயிற்சியும் பெற்றவள். தந்தை இல்லாத தங்கையை வாழைக்காய் மண்டியில் நின்று படிக்க வைத்தவர் சீனிச்சாமி. பட்டத்தில் அவள் என்னைவிட ஒரு வகுப்பு மேலாகத் தேறியிருந்தாள். இதையும் இன்றுதான் எழுதுகிறேன்.

அந்தச் சித்திரையில் உத்தமபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து அவளுக்குப் பணி நியமன ஆணை வந்திருந்தது. வைகாசி பிறப்பதற்குள் சேர வேண்டும். நான் மறுத்துவிட்டேன். காரணம் பெரியதல்ல. மனைவியைச் சம்பளத்துக்கு அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டான் என்று கடைத்தெருவில் ஒருவர் சொல்லிவிடக் கூடாது. ஆணையை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அன்று முதல் நோட்டில் வலப்பக்கம் நிரம்பவில்லை. நான் கவனிக்கவில்லை, வலப்பக்கத்தைத்தான் நான் பார்ப்பதில்லையே.

ஆட்டத்துக்கு முந்தைய வாரம் சீனிச்சாமி வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"புள்ள ஆசப்படுது, மாப்ள. படிச்ச படிப்பு வீணாப் போகக்கூடாதுன்னுதான். நீங்க பெரிய மனசு பண்ணணும்."

"மச்சான், நீங்கள் வாழைத்தார் எண்ணுகிறவர். என் வீட்டுக் காரியத்தை எனக்கு எண்ணிக் காட்ட வேண்டாம்" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. "சரி, வாரேன்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். உள்கட்டிலிருந்து, "அண்ணே, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று விசாலாட்சி அழைத்தது கேட்டது. அவர் அடுப்பங்கரையில் நெடுநேரம் இருந்தார். அண்ணனும் தங்கையும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் பேச்சில் எனக்கு ஆகவேண்டியது என்ன இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம்.

துண்டுக்குள் கை

ஆக, பலகையில் ஐந்து கட்டைகள். "அர்த்தம் சொல்லுங்க, மாப்ள."

நான் சிரித்துப் பார்த்தேன். "மச்சான், என்னிடமே கேட்கிறீர்களா?"

"விதி எல்லாருக்கும் பொதுன்னு நீங்கதானே எழுதிப் போட்டீக."

"இது பழைய ஆங்கிலச் சொல். சொன்னாலும் உங்களுக்கு விளங்காது."

"வெளங்காட்டிப் பரவால்ல. ஆசீர்வாதண்ணன் பத்து வரை படிச்சவுக. அவுகளுக்கு வெளங்கும்."

ஆசீர்வாதம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கை முழுமையாக இருந்தது. நம்புகிறவரைப் போல எரிச்சலூட்டக் கூடியவர் உலகில் இல்லை.

மொக்கைச்சாமி படியோரம் எட்டிப் பார்த்துவிட்டு, "கரும்பலகையில ஆத்தாமாருக பையை மாட்டிருக்காக. எடுக்கச் சொல்லவா?" என்றார். யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

நாளை திங்கட்கிழமை. மலையேறும் கூட்டம் முழுவதும் படியடியில் நிற்கும். என் எழுத்தில், என் விதியின்கீழ், என் பெயர்.

அப்போது சீனிச்சாமி துண்டை உதறி எங்கள் இருவர் கைமீதும் விரித்தார்.

மண்டி அறியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். வாழைக்காய் மண்டியிலும் மாட்டுச் சந்தையிலும் விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகரும் வாங்குபவரும் ஒரு துண்டுக்குள் கைகளை மறைத்துக்கொள்வார்கள். பிடிக்கும் விரல்தான் விலை. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சம்மதமில்லையென்றால் கையை உருவிக்கொள்வார்கள். சம்மதமென்றால் எதிராளியின் கையை முழுதாகப் பற்றி ஓர் அழுத்து. பேச்சு முடிந்தது; பிறகு மாற்றிப் பேசுகிறவன் மனிதனே அல்லன். அந்த வழக்கத்தை நான் பலமுறை ஏளனம் செய்திருக்கிறேன். வாயும் எழுத்தும் இருக்கும்போது விரலைப் பிடித்துக்கொண்டு நிற்பானேன்?

"மச்சானும் மாப்ளயும் ஆட்டத்தையே வெல பேசுறாகடா" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் கலகலத்தது.

துண்டுக்குள் அவர் கை சொரசொரப்பாக இருந்தது. வாழைக்கறை ஏறிய விரல்கள். ஒரே ஒரு விரலை என் உள்ளங்கையில் வைத்தார். முகத்தைச் சற்றே முன்னால் கொண்டுவந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி ஒற்றைச் சொல் சொன்னார்.

"உத்தமபாளையம்."

கையை உருவிக்கொள்ளலாம். தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஐந்து கட்டைகளையும் எடுத்துக்கொண்டு, படியிறங்கிச் சுண்ணக்கட்டியால் என் பெயரை நானே எழுதலாம். நேர்மையான மனிதன் அதைத்தான் செய்திருப்பான். இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பற்றி நான் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், நானும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

அவர் கையை முழுதாகப் பற்றினேன். அழுத்தினேன்.

சீனிச்சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "மாப்ள அர்த்தம் சொல்லிட்டாக" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "காதோட சொன்னாக. சரியாத்தான் இருக்கு. எழுதுங்க, ஆசீர்வாதண்ணே."

அந்த ஆட்டத்தில் நாங்கள் வென்றோம்.

கொல்லைப்புறத்து ஓசை

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தேன். க்யூ பக்கம். வலப்பக்கத்தில், இடதுபுறம் சாய்ந்த அவளுடைய எழுத்தில், குவெர்ன் என்பதற்கு நேரே ஒரே ஒரு சொல் இருந்தது.

திருகை.

கொல்லைப்புறத்திலிருந்து கரகரவென்று ஓசை வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அன்றாடம் கேட்கும் ஓசைதான். பின்கட்டுக் கதவு வரை சென்றேன். அந்த வாசலைத் தாண்டி நான் ஒருபோதும் போனதில்லை. விசாலாட்சி சாக்கை விரித்து உட்கார்ந்து, திருகையின் குழியில் ஒரு கையால் துவரையைப் போட்டு மறு கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். மேல்கல் சுற்ற, பருப்பு விளிம்பில் உடைந்து உதிர்ந்தது.

"என்னங்க, ஆட்டம் என்னாச்சு?" என்றாள், நிமிராமல்.

"வென்றோம்" என்றேன். பிறகு, "புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. உத்தமபாளையம் போய்ச் சேர்ந்துகொள்" என்றேன்.

கல் நின்றது. பிறகு மறுபடியும் சுற்றத் தொடங்கினாள்.

முன்வரிசை

அவள் அந்தப் பள்ளியில் பணியாற்றித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள். இடைப்பட்ட ஆண்டுகளில் ஓர் ஆண்டுவிழாவில் என்னை முன்வரிசையில் அமர்த்தி மாலையிட்டார்கள். பெண்களை வேலைக்கு அனுப்பக் கூசிய காலத்தில் தாமாகவே முன்வந்து மனைவியை அனுப்பிய கல்விமான் என்று ஒருவர் மேடையில் என்னைப் புகழ்ந்தார். அவர் பேச்சில் பிழைகள் மிகுதி. ஆயினும் குறுக்கிட்டுத் திருத்தவில்லை. மாலையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி வரிசையில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சீனிச்சாமி நின்றிருந்தார். மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினார். இறக்கும்வரை அவர் அதைப் பற்றி எவரிடமும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவும் அவரை நான் பல ஆண்டுகள் வெறுத்தேன்.

உரக்கடை மாடி இப்போது இல்லை. கரும்பலகையில் கடைசிவரை யார் பெயரும் ஏறவில்லை. அதில் ஏறியிருக்க வேண்டிய ஒரே பெயர் இந்தத் தொடரின் தலைப்புக்குக் கீழே வாராவாரம் அச்சாகிறது.

இந்தப் பகுதியை எழுதி முடித்ததும், வழக்கம்போல் பிரதி எடுக்க விசாலாட்சியிடம் கொடுத்தேன். இப்போதும் பிரதி எடுப்பவள் அவள்தான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிறுத்தாமல் கடைசிவரை படித்தாள்.

"துண்டுக்குள்ள பேசுனதை அண்ணன் மறுநாளே சொல்லிட்டாக" என்றாள்.

நாற்பது ஆண்டுகள்.

அவள் பேனாவைத் திறந்து, திருகை வரும் இடத்துக்குப் பக்கங்களைப் புரட்டினாள். "இங்கன ஒண்ணு தப்பு. அன்னைக்கு நான் ஒடச்சது துவரை இல்ல."

வலப்பக்க ஓரத்தில், அதே சாய்ந்த எழுத்தில், 'உளுந்து' என்று எழுதினாள்.